டோபமைன் இல்லாத எலிக்குச் சர்க்கரை இனிக்குமா?

பொருநை எழுதியது:

கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறேன். மூளைப் பாடம் வந்தாலே விடைத்தாளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: "டோபமைன் இன்பத்தைத் தரும் வேதிப்பொருள்." யூடியூபில் டோபமைன் விரதம் இருக்கச் சொல்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். விலங்குகளிடம் இத்தனை ஆண்டுகளாக நடந்திருக்கும் ஆய்வு இந்த வரிக்கு நேர் எதிரே நிற்கிறது. அதைத் தமிழில் ஓரிடத்தில் பேசி வைக்கலாம் என்றுதான் இந்த இழை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டோபமைன் விலங்கை ஒரு பொருளை நோக்கி இழுக்கிறது, அதற்காகப் பாடுபட வைக்கிறது. பொருள் வாய்க்குள் போனபின் வரும் இன்பம் வேறு இடத்துச் சமாசாரம்.

என்னை முதலில் உலுக்கிய சோதனை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜும் டெர்ரி ராபின்சனும் 1989-ல் வெளியிட்டது. 6-ஹைட்ராக்ஸிடோபமைன் என்ற நச்சு டோபமைன் நரம்பணுக்களைத் தேடிப் பிடித்து அழிக்கும். அதை மூளையில் செலுத்திய எலி சாப்பாட்டை நிறுத்திவிடும். தீனி முன்னாலேயே இருக்கும், தொடாது. குழாய் வழியாக ஊட்டாவிட்டால் செத்துப்போகும். இவ்வளவும் முன்பே தெரியும். உணவில் இன்பம் போய்விட்டது, அதனால் தின்னவில்லை என்றுதான் பலரும் எடுத்துக்கொண்டார்கள். ராய் வைஸ் 1982-ல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். பிற்காலத்தில் அவரே அதைக் கைவிட்டார்.

பெரிட்ஜ் குழு என்ன செய்தது? எலி தேடி வரட்டும் என்று காத்திருக்காமல், மெல்லிய குழாய் வழியாகச் சர்க்கரைத் தண்ணீரை நேராக வாய்க்குள் விட்டு, முகத்தைப் படமெடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். எலிக்கு இனித்தால் நாக்கை நீட்டி உதட்டை நக்கும். கசந்தால் வாயைப் பிளக்கும், தலையை உதறும். பச்சைக் குழந்தைகளிடமும் இதே முகக்குறிகள் உண்டு. டோபமைன் ஏறக்குறைய முழுதும் அழிந்த எலிகளும் சர்க்கரைக்கு மற்ற எலிகளைப் போலவே நாக்கை நீட்டின. வாயில் இனிக்கிறது, ஆனால் அதைத் தேடி ஓரடி எடுத்து வைக்க மாட்டேன் என்கிறது.

தேன்சிட்டு எழுதியது:

வணக்கம் மேடம். நான் இளங்கலை உளவியல் படிக்கிறேன். எங்க புத்தகத்துல இன்ப மையம்னே ஒரு தலைப்பு இருக்கு. எலி தன் மூளைக்குத் தானே கரண்ட் கொடுத்துக்கிட்டு, சோறு தண்ணி இல்லாம லீவரை அழுத்திக்கிட்டே இருந்த சோதனை. இன்பம் இல்லாமலா அப்படி அழுத்தும்?

பொருநை எழுதியது:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் தேன்சிட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மொன்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் செய்தது அது, கட்டுரை வந்த ஆண்டு 1954. விழிப்பு நிலையோடு தொடர்புடைய வலைப்பின்னல் பகுதிக்கு மின்முனையைக் குறிவைத்தார்கள். ஓர் எலியில் அது தடம் மாறி, முன்மூளையில் செப்டம் பகுதிக்கு அருகே போய் நின்றுவிட்டது. மேசையின் எந்த மூலையில் மின்சாரம் கொடுத்தார்களோ அந்த மூலைக்கே எலி திரும்பத் திரும்ப வந்ததை ஓல்ட்ஸ் கவனித்தார். பிறகு லீவரை எலியிடமே விட்டார்கள். சில எலிகள் மணிக்கு 2,000 தடவைக்கு மேல் அழுத்தின. ஓல்ட்ஸ் 1956-ல் எழுதிய பிரபலமான கட்டுரையின் தலைப்பிலேயே இன்ப மையங்கள் வந்துவிட்டன, அங்கிருந்துதான் பாடநூல்களுக்குப் போனது.

இப்போது யோசித்துப் பாருங்கள். லீவரை அழுத்துகிறது என்பதுதான் கண்ணால் கண்டது. இன்பப்படுகிறது என்பது நாம் சேர்த்துக்கொண்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டா? பெரிட்ஜும் எலியட் வாலன்ஸ்டைனும் 1991-ல் பார்த்தார்கள். பசியோடு தொடர்புடைய மூளைப் பகுதியான பக்கவாட்டு ஹைப்போதலமஸில் மின்சாரம் கொடுத்தால் வயிறு நிறைந்த எலியும் எழுந்துபோய்த் தின்னும். உணவு அந்த நேரத்தில் அதிகம் ருசித்தால்தானே தின்ன வேண்டும்? சர்க்கரைத் தண்ணீரை வாயில் விட்டு முகத்தைப் பார்த்தார்கள். நாக்கை நீட்டுவது கூடவில்லை. சொல்லப்போனால் வெறுப்புக் குறிகள்தான் சற்றுக் கூடின. கூடுதலாக ருசிக்காத ஒன்றை அந்த எலி கூடுதலாகத் தின்றுகொண்டிருந்தது.

இன்பத்துக்கு மூளையில் இடமே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது, ஆச்சரியமாகச் சின்ன இடம். நடுமூளையின் வென்ட்ரல் டெக்மென்டல் பகுதியிலிருந்து டோபமைன் நாரிழைகள் முன்னோக்கிப் போய்ச் சேரும் முக்கியமான இடம் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ். அதன் உள்விளிம்பில், எலியில் ஏறத்தாழ ஒரு கன மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு புள்ளியில் ஓபியாய்டு வகை (மார்ஃபின் போன்ற) மருந்தை நுண்துளியாக விட்டால் சர்க்கரைக்கு நாக்கை நீட்டுவது பல மடங்காகிறது. சூசானா பெசின்யாவும் பெரிட்ஜும் 2005-ல் வரைபடமே போட்டார்கள். அதே மருந்தை அந்தப் புள்ளிக்கு வெளியே விட்டால் எலி நிறையத் தின்னும், ஆனால் முகத்தில் இன்பக்குறி கூடாது. பின்னால் இருக்கும் வென்ட்ரல் பாலிடத்திலும் இப்படி ஒரு புள்ளி உண்டு. அந்த இடம் சிதைந்துவிட்டால் எலி சர்க்கரைக்கே வாயைப் பிளந்து தலையை உதறும். டோபமைனை அழித்தபோது நடக்காதது இங்கே நடக்கிறது.

நடுவரப்பு எழுதியது:

கால்நடை மருத்துவர், டெல்டா பக்கம். நான் பார்க்கிறது எலி இல்ல, மாடும் நாயும்தான். பால் கறக்கிற பாத்திரச் சத்தம் கேட்டதும் மடி கனத்துப் பால் இறங்குற மாட்டை தினமும் பார்க்கிறேன். பிஸ்கட் கவர் சரசரன்னா நாய் எங்கிருந்தாலும் ஓடி வருது. இன்னும் எதுவும் வாயில விழல. அதுக்குள்ளயே உடம்பு தயாராயிடுது. இதுவும் நீங்க சொல்ற டோபமைன் வேலைதானா?

சினாப்ஸ் எழுதியது:

டாக்டர் ஐயா, உங்கள் இரண்டு உதாரணமும் இரண்டு வேறு சங்கதி. மாட்டுக்குப் பால் இறங்குவது ஆக்ஸிடோசின். சத்தம் கேட்டதும் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியிலிருந்து ரத்தத்தில் கலந்து மடிக்குப் போகிறது. மாடு எதையும் தேடிப் போகவில்லை. பிஸ்கட் கவருக்கு ஓடிவரும் நாய்தான் இந்த இழைக்கு உரியது.

நான் முனைவர் பட்ட ஆய்வில் சுண்டெலிகளின் அக்கம்பென்ஸில் டோபமைன் ஏறி இறங்குவதை ஒளி இழை வைத்துப் பார்க்கிறேன். கவர் சத்தத்துக்கு என்ன நடக்கிறது என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். சுவிட்சர்லாந்தின் ஃபிரிபோர்க்கில், விழித்திருக்கும் குரங்குகளின் நடுமூளையில் தனித்தனி டோபமைன் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தால் அணு படபடவென்று துடிக்கும். சாறுக்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின் துடிப்பு விளக்குக்கு மாறிவிடும். சாறு வரும்போது அணு வழக்கம்போல இருக்கும். விளக்கு எரிந்து சாறு வராவிட்டால், வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் துடிப்பு அடங்கும்.

அந்த அடங்கல் எங்கிருந்து வருகிறது என்பதும் ஓரளவு தெரியும். மட்சுமோட்டோவும் ஹிகோசாகாவும் 2007-ல் லேட்டரல் ஹாபெனுலா என்ற சிறு பகுதியைக் காட்டினார்கள். ஏமாற்றம் வரும்போது அங்குள்ள அணுக்கள் துடித்து, டோபமைன் அணுக்களை அடக்குகின்றன.

உங்கள் நாய்க்குக் கவர்ச் சத்தம்தான் விளக்கு.

கணிமேகம் எழுதியது:

இயந்திரக் கற்றல் துறையில் வேலை செய்பவன். சினாப்ஸ் சொன்னதுதான் என் வாதமும். பொருநை மேடம், ஷுல்ட்ஸ் கண்டதை 1997-ல் பீட்டர் டயானும் ரீட் மான்டேக்கும் அவரோடு சேர்ந்து சயன்ஸ் இதழில் விளக்கினார்கள். சட்டனும் பார்ட்டோவும் கணினிக்காக வகுத்திருந்த கற்றல் விதியில் ஒரு பிழை எண் வரும்: கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தது. டோபமைன் அணுக்களின் துடிப்பு அந்த எண்ணோடு பொருந்தியது. சட்டன், பார்ட்டோ இருவருக்கும் கணினித் துறையின் உயரிய பரிசான டூரிங் விருது 2024-க்குக் கிடைத்தது நினைவிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல ஆசை, பலருக்குத் தெரியாது. மான்டேக் குழு குரங்குக்கு முன்பே தேனீயை வைத்து இந்தக் கணக்கைப் போட்டது, 1995-ல். அதற்கு அடிப்படை பெர்லினில் மார்ட்டின் ஹாமர் 1993-ல் கண்டது. தேனீயின் மூளையில் ஒரே ஒரு நரம்பணு. ஒரு வாசனையைக் காட்டிவிட்டு, சர்க்கரை தராமல் அந்த அணுவை மட்டும் தூண்டினார். பிறகு அந்த வாசனை வந்ததும் தேனீ உறிஞ்சுகுழாயை நீட்டியது. சர்க்கரைக்குப் பதிலாக ஓர் அணு! அங்கே வேலை செய்வது டோபமைன் இல்லை, ஆக்டோபமைன். கணக்கு மட்டும் அதேதான்.

ஆகவே என் கேள்வி: டோபமைன் கற்பிக்கிறது என்று சொன்னால் போதாதா? நாய் ஓடி வருவது கற்றதனால். இழுக்கிறது, வேட்கை என்றெல்லாம் தனியாக ஒன்று எதற்கு?

பொருநை எழுதியது:

கணிமேகம், அந்தத் தேனீச் சோதனையை அடுத்த வகுப்பிலேயே சொல்லப்போகிறேன். ஆனால் உங்கள் கேள்விக்கு ஒப்பமாட்டேன். கற்றல் மட்டும்தான் என்றால், கற்றது மாற மறுபடி அனுபவம் வேண்டும் அல்லவா? ராபின்சனும் பெரிட்ஜும் 2013-ல் வெளியிட்டதைப் பாருங்கள். (இந்த ராபின்சன் வேறு, மைக் ராபின்சன்.) கூண்டில் ஒரு லீவர் நீளும், உடனே எலியின் வாயில் சாக்கடல் அளவுக்கு உப்புக் கரிக்கும் நீர் விழும். எலிகள் அதை வெறுத்தன. லீவர் நீண்டாலே கூண்டின் மறுபக்கம் ஓடின. பிறகு ஒரு நாள், ஊசி மூலம் அவற்றின் உடலில் கடுமையான உப்புப் பசியை உண்டாக்கினார்கள். அவை பிறந்ததிலிருந்து அறியாத பசி அது. அந்த உப்பு நல்லது என்று ஒரு தடவைகூட ருசித்ததில்லை. அடுத்து லீவர் நீண்டதும் ஓடிப்போய் அதை முகர்ந்து கடித்தன.

கற்றுவைத்த மதிப்பு மோசமானதாகவே இருந்தது. அதை மாற்ற ஒரு பாடமும் நடக்கவில்லை. உடலின் தேவை மாறியதும் இழுப்பு அந்தக் கணமே மாறிவிட்டது.

கணிமேகம் எழுதியது:

வலுவான சோதனைதான். ஆனால் எலியின் மூளைக்குள் உலகத்தைப் பற்றிய ஒரு வரைபடம் இருந்து, "இந்த லீவருக்குப் பின் உப்பு" என்று தெரிந்திருந்தால், அதிலிருந்தே புது மதிப்பைக் கணக்கிட முடியும். என் கேள்வி இப்போது இன்னும் குறுகலானது: டோபமைனே இல்லாமல் ஒரு விலங்கு கற்றதாக ஆதாரம் உண்டா? அது இல்லாதவரை கற்றல்தான் டோபமைனின் முதல் வேலை என்பேன்.

சினாப்ஸ் எழுதியது:

உண்டு. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த விலங்குகள் அவை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பால்மிட்டரின் ஆய்வகம் 1995-ல் டோபமைன் தயாரிக்கவே முடியாத சுண்டெலிகளை மரபணு மாற்றி உருவாக்கியது. சில வாரம் தாய்ப்பாலில் ஓட்டும். பிறகு உணவுக்கு நடுவிலேயே இருந்தாலும் தின்னாமல் செத்துப்போகும். தினமும் எல்-டோபா (உடலுக்குள் டோபமைனாக மாறும் மருந்து) ஊசி போட்டால் எழுந்து சில மணி நேரம் தின்றுவிட்டு மீண்டும் அடங்கிவிடும். மருந்து இறங்கியபின் சர்க்கரைத் தண்ணீரையும் வெறும் தண்ணீரையும் வைத்தால், குறைவாகத்தான் குடிக்கும், ஆனால் சர்க்கரையைத்தான் தேர்ந்தெடுக்கும். இது 2003.

கணிமேகம் கேட்டது 2005-ல் வந்தது. இவை நகர்வதே அரிது, எப்படிப் பாடம் நடத்துவது? காஃபீன் கொடுத்தார்கள். டோபமைன் இல்லாமலே சுறுசுறுப்பாகும். அந்த நிலையில் டி வடிவப் பாதையில் விட்டார்கள். எந்தப் பக்கம் உணவு என்று கற்றுக்கொண்டனவா என்பது, பிறகு எல்-டோபா கொடுத்துச் சோதித்தபோது தெரிந்தது. கற்றிருந்தன.

இதோடு முடிந்தது என்று பொருநை மேடம் கொடி நாட்டிவிடவும் முடியாது. ஸ்டைன்பெர்க் குழு 2013-ல் எலிகளின் டோபமைன் அணுக்களை ஒளியால் சரியான நொடியில் தூண்டி, சாதாரணமாகக் கற்காத ஒன்றைக் கற்க வைத்துக் காட்டியது. ஆகக் கற்றலுக்கு டோபமைன் இல்லாமல் முடியும் என்பதும் சரி, டோபமைனால் கற்பிக்க முடியும் என்பதும் சரி. பரிசே சம்பந்தமில்லாத இடத்திலும் இந்தப் பிழைக் குறி வருகிறது. கார்னெலில் விக்ரம் கடக்கரும் ஜெஸ்ஸி கோல்ட்பெர்கும் 2016-ல் பாடும் ஃபிஞ்ச் குருவிகளின் டோபமைன் அணுக்களைப் பதிவு செய்தார்கள். குருவி பாடும்போது ஒரு சுரத்தின் மேல் வேறு ஒலியைப் போட்டுக் கெடுத்தால் துடிப்பு அடங்கும். கெடும் என்று இருந்த இடம் சுத்தமாக வந்தால் துடிப்பு ஏறும். தீனி இல்லை, சர்க்கரை இல்லை. தன் பாட்டைத் தானே கேட்டுச் சரிபார்க்கிறது.

கணக்கின் வடிவமே சண்டைக்கு உரியதாகத்தான் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் விஜய் மோகன் நம்பூதிரியின் குழு 2022-ல் வேறொரு கணக்கை முன்வைத்தது. விலங்கு முன்னால் பார்த்து எதிர்பார்ப்பதைவிட, நல்லது கிடைத்ததும் பின்னால் திரும்பி "இதற்கு முன் என்ன வந்தது" என்று காரணம் தேடுகிறது என்பது அதன் சாரம். எங்கள் ஆய்வகக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும்.

என் சொந்தக் கருத்து: ஒரே டோபமைன், அக்கம்பென்ஸிலும், அது அடங்கிய பெரிய பகுதியான ஸ்ட்ரையேட்டத்தின் வேறு பகுதிகளிலும் வேறு வேறு வேலை செய்கிறது. பால்மிட்டரின் சுண்டெலிகளுக்கு வைரஸ் வழியாக மேல்பக்க ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைனைத் திருப்பிக் கொடுத்ததே தின்ன வைக்கப் போதுமாக இருந்தது. ஒரே வேலையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை இரு பக்கமும் விட்டால் நல்லது.

முத்துக்குளி எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். தின்னாமல் சாகும் எலி, மூளையில் கம்பி, வாயில் உப்பு. எலிக்கும் இனிக்கிறது, எலிக்கும் வெறுக்கிறது என்று நிரூபிப்பதே இந்தச் சோதனைகள்தான். அப்படியானால் அது படும் துன்பமும் நிரூபணமாகிறதே. அதைப் பற்றி இந்த இழையில் ஒரு வரிகூட இல்லை.

சினாப்ஸ் எழுதியது:

முத்துக்குளி, இதைக் கேட்டதற்கு நன்றி. மனதாரச் சொல்கிறேன்.

இந்தியாவில் விலங்குச் சோதனைக்கு 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த குழுவின் விதிகள் உண்டு. ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். எத்தனை விலங்கு, ஏன் அத்தனை, வலிக்கு என்ன மருந்து, எந்த நிலையில் நிறுத்துவாய் என்று எழுதிக் கொடுத்தபிறகுதான் தொட முடியும். விதி இருப்பதால் கேள்வி தீர்ந்துவிடாது என்பதும் தெரியும். நான் செய்வது இவ்வளவு: ஒரே சுண்டெலியில் ஒளி இழை வழியாகப் பல வாரம் அளக்க முடிவதால், முன்பு பல விலங்குகள் தேவைப்பட்ட இடத்தில் சிலவற்றோடு முடிக்கிறேன். நீங்கள் சொன்ன தர்க்கம் சரியானது. அவற்றின் இன்பம் உண்மை என்று எழுதும் கையால் அவற்றின் வலி உண்மை இல்லை என்று எழுத முடியாது.

தேன்சிட்டு எழுதியது:

ஒரு சந்தேகம். டோபமைன் போன எலி வெறும் சோம்பலா, இல்ல கை கால் வராததா? பார்க்கின்சன் நோய்லயும் டோபமைன் அணுதானே சாகுது?

பொருநை எழுதியது:

கூர்மையான சந்தேகம். இதற்கென்றே கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஜான் சாலமோன் பல்லாண்டுகள் உழைத்திருக்கிறார். டி வடிவப் பாதை. பாதையின் ஒரு கையில் நிறைய உணவு, ஆனால் 44 செ.மீ. உயரத் தடுப்பைத் தாண்ட வேண்டும். மறு கையில் கொஞ்சம் உணவு, தடுப்பு இல்லை. சாதாரண எலி ஏறிக் குதித்து நிறைய உள்ள பக்கம் போகும். அக்கம்பென்ஸில் டோபமைனைக் குறைத்த எலி தடுப்பில்லாத பக்கம் போய்க் கொஞ்சத்தைத் தின்னும். கால் வராததாலா? மறு கையில் உணவே வைக்காமல் விட்டார்கள். அதே எலி தடுப்பில் ஏறியது. ஏற முடிகிறது, பசியும் இருக்கிறது. எளிதானது பக்கத்தில் இருக்கும்போது கடினமானதற்கு உழைக்க மனம் வரவில்லை. பார்க்கின்சனில் நடுமூளையின் பக்கத்துக் கூட்டமான சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் அணுக்கள் அதிகம் சாவதால் அசைவு முதலில் பாதிக்கப்படுகிறது.

நடுவரப்பு எழுதியது:

இதைப் படிச்சதும் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்துச்சு. காய்ச்சல் கண்ட மாடு தொட்டி வரைக்கும் வராது. பத்தடி தூரம்தான். வீட்டுக்காரர் மாடு தீனியே எடுக்கல சார்னு ஃபோன் பண்ணுவார். போய்ப் பார்த்து, பசும்புல்லை வாய்க்கிட்ட கொண்டு போனா மெல்லும். எல்லா மாடும் இல்ல, ஆனா நிறைய. வயிறு வேலை செய்யுது, ருசியும் தெரியுது, எழுந்து போறதுதான் இல்ல. நோயில இந்த டோபமைன் பாதை அடங்குதா?

சினாப்ஸ் எழுதியது:

எலிகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள் டாக்டர் ஐயா, சாலமோன் ஆய்வகத்திலேயே. நோய்த்தொற்றில் உடல் சுரக்கும் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை எலிக்கு ஊசியாகப் போட்டார்கள். பல தடவை லீவர் அழுத்தினால் பிடித்த உணவு கிடைக்கும், பக்கத்தில் சாதாரணத் தீவனம் சும்மா கிடக்கும். ஊசிக்குப் பிறகு லீவர் அழுத்துவது குறைந்தது, தீவனம் தின்பது குறையவில்லை. அப்படியானால் பசி போய்விட்டது என்று மட்டும் சொல்ல முடியாது, உழைப்புக்கான விருப்பம் இறங்கிவிட்டது. காய்ச்சல் கண்ட உடல் நோயோடு போராடச் சக்தியைச் சேமிக்கிறது என்று பார்த்தால், இந்த இறக்கம் கோளாறு இல்லை, உடலின் ஏற்பாடு.

எலியிலிருந்து மாட்டுக்கு நேராகத் தாவக்கூடாது. அசைபோடும் வயிற்றின் அடக்கம், வலி, நீர்ச்சத்துக் குறைவு என்று நீங்கள் பார்க்க வேண்டியது வேறு நிறைய இருக்கும். ஆனால் தொட்டிக்கு வரவில்லை என்பதையும், வாயருகே வைத்தும் தின்னவில்லை என்பதையும் நீங்கள் தனித்தனியாகக் குறித்து வைத்தால், அது எங்களைப் போன்றவர்களுக்குப் பொன்னான தகவல்.

நடுவரப்பு எழுதியது:

குறிப்பு எழுதுற வழக்கம் இருக்கு, இந்த ரெண்டையும் இதுவரைக்கும் பிரிச்சதில்ல. இனிமே தொட்டிக்கு ஒரு பத்தி, கையால கொடுத்ததுக்கு ஒரு பத்தின்னு போடுறேன். காய்ச்சல் அளவையும் பக்கத்துல எழுதிடுவேன். மழைக்காலத்துல தொற்று அதிகம் வரும், அப்ப கொஞ்சம் சேர்ந்ததும் இங்கயே போடுறேன். தேன்சிட்டு, நீங்களும் வந்து அதைக் கணக்குப் போட்டுப் பாருங்க.